துரத்தும் காரும் யு-2 விமானமும்: ஃபேர்ஃபோர்ட் வேலியோரப் பதிவு

யு-2 உளவு விமானம் தரையிறங்கும்போது ஓடுபாதையில் அதன் பின்னால் ஒரு கார் விரட்டிக்கொண்டு வரும். அந்தக் காரை ஓட்டுபவரும் ஒரு யு-2 விமானிதான். சக்கரம் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று அவர் ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருவார். மேலே இருப்பவர் அதைக் கேட்டு விமானத்தை இறக்குவார். காரும் விமானமும் ஒரே படத்தில் வரவேண்டும், சக்கரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரியவேண்டும். இந்த ஒரு படத்துக்காகச் செய்த ஏற்பாடுகளை இங்கே எழுதுகிறேன்: ஆண்டெனா கட்டியது, காற்றுத் திசை பார்த்து இடம் தேர்ந்தது, வெளிச்சத்தை அளந்தது, எடுத்த படத்தைப் படித்தது எல்லாம்.

இடம் இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஃபேர்ஃபோர்ட் விமானத் தளம். நான் குடியிருக்கும் ஸ்விண்டனிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம். பெயரளவில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். உள்ளே புழங்குவது பெரும்பாலும் அமெரிக்கர்கள். ஓடுபாதை 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், 60 மீட்டர் அகலம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானமான கான்கார்டில் இரண்டாவது, 1969 ஏப்ரலில் ஃபில்டனிலிருந்து முதன்முறையாகப் பறந்து வந்து இறங்கியது இங்கேதான். விண்ணோடங்கள் ஏவப்பட்ட காலத்தில், நடுவழியில் கோளாறு வந்தால் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இறங்குவதற்கான மாற்றிடங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. பி-52, பி-2 குண்டுவீச்சு விமானங்கள் வந்து போகும். அண்மை ஆண்டுகளில் யு-2 விமானங்களும் இங்கே தங்கியிருந்து பறக்கின்றன. கலிஃபோர்னியாவின் பீல் தளத்தில் உள்ள 9ஆவது உளவுப் பறப்புப் பிரிவுதான் இவற்றின் தாய்வீடு.

எத்தனையோ விமானங்கள் வந்துபோகும் தளத்தில் யு-2 ஒன்றையே குறிவைத்துக் காத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1955 ஆகஸ்ட் முதல் தேதி, நெவாடா பாலைவனத்தில் வேகச் சோதனைக்காகத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தபோதே எண்ணிப் பாராமல் மேலே எழும்பிவிட்ட விமானம் இது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் பணியில் இருக்கிறது. இதை ஒட்டுமொத்தமாக ஓய்வுக்கு அனுப்ப அமெரிக்க விமானப்படை திட்டம் போட்டு 2026ஐக் குறித்தும் வைத்தது. போனபின் இதைப்போல் தரையிறங்கும் இன்னொரு விமானத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

லென்ஸ் வாங்குவதற்கு முன்பு இந்த விமானம் ஏன் இப்படி இறங்குகிறது என்று படித்தேன். படத்துக்கு அதுவே அதிகம் உதவியது.

லாக்ஹீட் நிறுவனத்தின் கெல்லி ஜான்சன் இதை வரைந்தபோது, எதிரியின் ஏவுகணைக்கும் போர் விமானத்துக்கும் எட்டாத உயரம் வேண்டும் என்பதே நோக்கம். உயரம் வேண்டுமென்றால் எடை குறையவேண்டும். அதனால் வழக்கமான மூன்றுகால் சக்கர அமைப்பைக் கைவிட்டார். உடலின் நடுக்கோட்டில் முன்னால் ஒரு சக்கரத் தொகுதி, பின்னால் ஒரு சிறு தொகுதி, சைக்கிள் ஏற்பாடுதான். இறக்கைகளோ இன்றைய யு-2எஸ் வகையில் நுனிக்கு நுனி 32 மீட்டர். உடலின் நீளமே 19 மீட்டர்தான். இந்த இறக்கைகள் தரையில் சாயாமலிருக்க இரண்டு பக்கமும் ‘போகோ’ என்ற துணைச் சக்கரக் கால்களைச் செருகியிருப்பார்கள். விமானம் எழும்பியதும் அவை தாமாகவே கழன்று ஓடுபாதையில் விழும். தரைப்பணியாளர்கள் வண்டியில் வந்து எடுத்துப்போவார்கள்.

கழன்று விழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபேர்ஃபோர்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 1995 ஆகஸ்டில் இங்கிருந்து கிளம்பிய ஒரு யு-2ஆர் விமானத்தில் போகோ ஒன்று ஒட்டிக்கொண்டே இருந்தது. அதை உதிர்த்துவிட முயன்றபோது விமானம் விழுந்து நொறுங்கி விமானி உயிரிழந்தார். புறப்பாட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் போகோக்களையே தேடும். இரண்டும் விழுவதைப் பார்த்தபிறகுதான் கேமராவைத் தூக்குகிறேன்.

இறங்கும்போது போகோக்கள் இல்லை. நீண்ட இறக்கை மிதந்துகொண்டே இருக்கும். தரையை நெருங்க நெருங்க இன்னும் மிதக்கும். விமானியோ விண்வெளி வீரர் அணிவது போன்ற அழுத்த உடையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, நீண்ட மூக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பல மணி நேரம் பறந்து களைத்திருக்கிறார். தரை எங்கே இருக்கிறது என்று துல்லியமாக அவருக்குத் தெரியாது. அதனால்தான் அந்தக் கார். எண்பதுகளிலிருந்து எல் கமினோ, கமாரோ, பொன்டியாக் என்று எத்தனையோ வேகக் கார்கள் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாக ஓட்டுவார்கள். சக்கரம் தரைக்கு இரண்டடி உயரத்தில் வந்ததும் விமானி இறக்கையின் தூக்குவிசை முழுவதையும் இழக்கவைக்கிறார். விமானம் தொப்பென்று உட்காருகிறது. அதன்பிறகும், வேகம் அடங்கி ஓர் இறக்கை சாயும்வரை, அதை நேராக நிறுத்திவைக்கும் வேலை அவருடையதுதான்.

நான் எடுக்க நினைத்த படம் இந்த இரண்டடியில் இருக்கிறது.

ஆண்டெனா

ஒரு வாரம் வேலியோரம் நின்றாலும் யு-2 வராமலே போகலாம். ஆகவே வீட்டிலேயே ஒரு ரிசீவர் அமைத்தேன். விமானங்களின் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தன் அடையாள எண்ணையும் உயரத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த ஒரு மலிவான யுஎஸ்பி ரிசீவரும் ஒரு ராஸ்பெரி பை கணினியும் இருந்தால் அதைப் பிடித்துவிடலாம். மென்பொருள் இலவசம், ரீட்எஸ்பி என்பதைப் போட்டுக்கொண்டேன்.

ரிசீவரோடு வந்த குட்டி ஆண்டெனா ஜன்னலோரத்தில் வைத்தால் பக்கத்துக் கூரைகளைத் தாண்டாது. கால் அலைநீள ஆண்டெனா ஒன்றை நானே கட்டினேன். 1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 27.5 சென்டிமீட்டர்; அதில் கால் பங்கு 69 மில்லிமீட்டர். வீட்டு மின்கம்பியின் காப்பை உரித்தால் கிடைக்கும் தடித்த செப்புக்கம்பியே போதும். என்-வகை சாக்கெட் ஒன்றின் நடு ஊசியில் ஒரு துண்டை நேராக நிறுத்தி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் சற்றே நீளமான துண்டுகளைத் திருகாணியால் இறுக்கி, 45 டிகிரி கீழ்நோக்கி வளைத்தேன். இந்தச் சாய்வைக் கண்ணளவில் விட்டுவிடக் கூடாது. ஆண்டெனாவின் மின்மறுப்பு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, கேபிளுக்குப் பொருந்த 50 ஓம் அளவில் இருக்கவேண்டும். கம்பிகள் கிடைமட்டமாக இருந்தால் அது 50 ஓமைவிட வெகுவாகக் குறைந்துவிடும். 45 டிகிரி சாய்க்கும்போது ஏறக்குறையச் சரியாக வந்து நிற்கும். ஒரு அட்டையில் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு நான்கையும் அதோடு ஒட்டிப்பார்த்து வளைத்தேன்.

நடுக்கம்பியை முதலில் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகவே விட்டு, பிறகு அரத்தால் தேய்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் ரிசீவரில் நிமிடத்துக்கு எத்தனை செய்திகள் வருகின்றன என்று பார்ப்பேன். ஆனால் வானில் இருக்கும் விமானங்களின் எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் மாறுவதால் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. தொலைவில் பறக்கும் ஒரு விமானத்தின் சமிக்ஞை வலு எவ்வளவு ஏறுகிறது இறங்குகிறது என்று பார்ப்பதே நம்பகமாக இருந்தது.

கட்டியபின் இரண்டு இடைஞ்சல்கள். முதலாவது, தெருக்கோடியில் நிற்கும் கைப்பேசிக் கோபுரம். அதன் அலை ரிசீவரைத் திணறடித்துத் தொலைவிலுள்ள விமானங்களை மூழ்கடித்துவிட்டது. 1090க்கு மட்டும் வழிவிடும் வடிகட்டியோடு கூடிய ஒரு சிறு பெருக்கியை ஆண்டெனாவுக்கு அடியிலேயே பொருத்தியதும் நிலைமை தலைகீழாக மாறியது. பெருக்கியைக் கணினிப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. நீண்ட கேபிள் வழியாகச் சமிக்ஞையோடு இரைச்சலும் சேர்ந்து வந்தபின் பெருக்கினால் இரண்டும்தான் பெருகும். இரண்டாவது இடைஞ்சல் மழை. இங்கிலாந்தின் மழை கொட்டாது, கசியும். இணைப்பின் திருகுகளுக்குள் ஈரம் புகுந்து சமிக்ஞை நாளுக்குநாள் மங்கியது. கழற்றிப் பார்த்தால் கேபிளின் பின்னல் உறை பச்சையேறியிருந்தது. கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதிய இணைப்பின்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண நாடாவும் சுற்றினேன். கேபிளை வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். அதன்பிறகு தொந்தரவு இல்லை.

பட்டியலில் இருப்பது, வரைபடத்தில் இல்லாதது

இந்த ரிசீவரைப் பற்றி ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் நிறையப் பேர் ஏமாற்றம் அடைகிறார்கள். பயணிகள் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லும். ஆகவே வரைபடத்தில் நகரும். யு-2 பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. நான் பிடித்தவற்றில் அடையாள எண்ணும் உயரமும் மட்டுமே வந்தன. வரைபடம் வெறுமையாக இருக்கும். ஓரத்துப் பட்டியலில் ‘ஏ.இ.’ என்று தொடங்கும் ஆறிலக்க எண் ஒன்று முளைத்திருக்கும். அமெரிக்க ராணுவ விமானங்களின் எண்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். அதன் நேரே உயரம் 30,000 அடி, 40,000 அடி என்று ஏறிக்கொண்டே போகும். பயணிகள் விமானம் எதுவும் எட்டாத எண்ணுக்குப் போகும்போது சந்தேகமே இல்லை. ஒரே சமிக்ஞையை நான்கு ரிசீவர்களாவது கேட்டால், வந்து சேர்ந்த நேர வேறுபாட்டை வைத்து இருப்பிடத்தைக் கணக்கிட வழியுண்டு. ஆனால் பல நேரம் அதற்குள் டிரான்ஸ்பாண்டர் மௌனமாகிவிடும்.

உயர எண்ணைக் கவனிப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. டிரான்ஸ்பாண்டர் உயரத்தை வழக்கமாக 25 அடி படிகளில் சொல்லும். அந்த முறையில் எழுத முடிகிற உச்ச எண் 50,175. அதற்கு மேலே போனால் பழைய 100 அடிப் படிமுறைக்கு மாறியாகவேண்டும். ஏறிக்கொண்டிருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 25, 50, 75 என்று மாறிக்கொண்டிருந்துவிட்டு, ஐம்பதாயிரத்தைத் தாண்டியதும் பூச்சியங்களில் நிலைத்துவிடும். சாதாரண விமானங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் இந்த மாற்றத்தைக் காண வாய்ப்பில்லை.

யு-2 பறக்கும் உயரம் 70,000 அடிக்கு மேல் என்று விமானப்படையே சொல்கிறது, 21 கிலோமீட்டர். அத்தனை உயரத்தில் இருக்கும் ஒன்றின் ரேடியோ அலை, புவியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும், சுமார் 600 கிலோமீட்டர் தொலைவுக்கு நேர்க்கோட்டில் எட்டும். 35,000 அடியில் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு இது ஏறக்குறைய 425. ஆகவே வீடு திரும்பும் யு-2 டிரான்ஸ்பாண்டரைப் போட்டதும் என் கூரைக்குச் செய்தி வந்துவிடும். அது இறங்கி முடிப்பதற்குள் நான் ஃபேர்ஃபோர்ட் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த உயரம் கணினிகளையே குழப்பியிருக்கிறது. 2014 ஏப்ரல் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் கணினி அமைப்பு செயலிழந்து, விமானங்கள் பல தரையிலேயே நிறுத்தப்பட்டன. யு-2 ஒன்றின் சிக்கலான பயணத் திட்டம்தான் காரணம். அது மிக உயரத்தில் பறந்துகொண்டிருக்க, கீழே பறக்கும் விமானங்களோடு மோதிவிடுமோ என்று அத்தனை வழிகளையும் கணக்கிடப் புகுந்த அமைப்பு நினைவகம் போதாமல் நின்றுபோயிற்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விமானிகளின் பேச்சை ஸ்கேனரில் கேட்பதற்கு பிரிட்டிஷ் சட்டத்தில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நான் அதைச் செய்வதில்லை. என் ரிசீவரில் தெரிகிற யு-2 நேரங்களை அப்போதைக்கப்போது யாருக்கும் அறிவிப்பதும் இல்லை. படங்களையும் சில நாள் கழித்தே பகிர்கிறேன். உள்ளே இருப்பவர் ஒருவர் தனியாகப் போய்த் திரும்ப வேண்டியவர். நம் பொழுதுபோக்கு அவருக்கு இடராகக் கூடாது.

காற்றும் வேலியும்

ஓடுபாதை கிழக்கு மேற்காக நீள்கிறது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும்; விமானம் எதிர்க்காற்றில் இறங்கும் என்பதால் கிழக்கு முனை வழியாக வரும். அந்தப் பக்கம் வெல்ஃபோர்ட், கெம்ப்ஸ்ஃபோர்ட் ஊர்கள். கிழக்குக் காற்று அடித்தால் மேற்கு முனையில் உள்ள மார்ஸ்டன் மேசிக்குப் போகவேண்டும். கிளம்புமுன் வானிலை அறிக்கையில் காற்றுத் திசை பார்க்காமல் போனால், மூன்று கிலோமீட்டர் தள்ளி இறங்குகிற புள்ளியைத்தான் பார்க்க முடியும். நீண்ட இறக்கையும் நடுக்கோட்டுச் சக்கரமும் கொண்ட இந்த விமானத்துக்குக் குறுக்குக் காற்று ஆகாது; வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ பலமாக வீசும் நாளில் நான் போவதே இல்லை.

ஓடுபாதைக்குத் தெற்கே நின்றால் வெயில் முதுகில் இருக்கும், கறுப்பு விமானத்தின்மேல் வெளிச்சம் விழும். வடக்கே நின்றால் வெறும் நிழலுரு. ஏணி இல்லாமல் வேலிக்குமேல் எட்டாது. மடக்கு ஏணி ஒன்றைக் காரிலேயே வைத்திருக்கிறேன். இங்கே கூடுகிறவர்கள் எல்லோரிடமும் ஏணி உண்டு.

வேலியில் இது தடைசெய்யப்பட்ட இடம் என்ற பலகைகள் தொங்குகின்றன. 2023இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய இடங்களைச் சுற்றிக் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தந்திருக்கிறது. பொதுச் சாலையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களைப் பொதுவாக யாரும் தொந்தரவு செய்வதில்லை. காவலர் வந்து கேட்டால் பெயரைச் சொல்லி, எடுத்த படத்தைக் காட்டுவேன். நகரச் சொன்னால் உடனே நகர்ந்துவிடுவேன். கறுப்பு நிறத்தவன் ஒருவன் நீண்ட லென்ஸோடு ராணுவ வேலியோரம் நிற்கும்போது கேள்வி வரத்தான் செய்யும். வந்த காவலர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஒருவர் அடுத்து எது இறங்கும் என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனார்.

பக்கத்தில் வழக்கமாக நிற்கும் ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர் கேமரா கொண்டுவருவதில்லை. குறிப்பேடும் தொலைநோக்கியும்தான். எண்பதுகளில் ஆல்கன்பரி தளத்தில் டிஆர்-1 என்ற பெயரில் யு-2 இருந்த காலத்திலிருந்து வால் எண்களை எழுதிவருகிறார். “மூக்கைப் பாருங்கள், முதுகைப் பாருங்கள். எண்ணை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்” என்று அவர் சொன்னதன் பொருள் படங்களைக் கணினியில் திறந்தபோதுதான் விளங்கியது.

படம்

600 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தாலும் அதை முழுவதும் நீட்டுவது பல நாள் வீண். வெயிலில் சூடேறிய 60 மீட்டர் அகலக் கான்கிரீட்டின்மேல் காற்று நெளியும். அந்த நெளிவைக் கடந்து வரும் படத்தை எந்த லென்ஸும் தீட்டித் தராது. கோடை நண்பகலை மறந்துவிட வேண்டும். குளிர்காலம், காலை நேரம், மேகமூட்டம் ஆகியவைதான் நமக்கு நண்பர்கள். சுற்றிலும் சரளைக்கல் தோண்டிய குழிகள் ஏரிகளாகிக் கிடப்பதால் விடியற்காலை மூடுபனி படியும். அது விலகியதற்கும் கான்கிரீட் சூடேறுவதற்கும் இடையே கிடைக்கும் நேரமே பொன்னான நேரம்.

வெளிச்ச அளவைக் கேமராவின் கையில் விடக்கூடாது. வானப் பின்னணியில் வரும் கறுப்பு விமானத்தை அது ஒருவகையாக அளக்கும்; அதே விமானம் புல்வெளிப் பின்னணிக்கு இறங்கியதும் வேறுவகையாக அளக்கும். நடுவில் படத்தின் ஒளி துள்ளும். நான் காத்திருக்கும்போதே ஓடுபாதையோரப் புல்லை அளந்து, அந்த அளவைக் கைமுறையில் பூட்டிவிடுகிறேன். பசும்புல் ஏறக்குறைய நடுத்தர ஒளியளவு உடையது. அதற்கு மேல் மூன்றில் ஒரு படி கூட்டினால் மங்கலான கறுப்பு வண்ணத்துக்குள்ளும் தகட்டு இணைப்புகள் தெரிகின்றன.

ஷட்டர் வேகம் இறங்குமுன் ஆயிரத்தில் ஒரு நொடி. கார் ஓடுபாதைக்குள் திரும்பியதும் 160இல் ஒரு நொடிக்கு மாற்றுகிறேன். காரின் சக்கரம் சுழல்வது தெரியவேண்டும், பின்னணிப் புல் கோடாக வேண்டும். விமானமும் காரும் அப்போது ஒரே வேகத்தில் ஓடுவதால் கேமராவை அவற்றோடு திருப்பினால் இரண்டும் தெளிவாக விழுகின்றன. இந்த ஒத்த வேகம் சில நொடிகளே நீடிக்கும்.

கண்ணை விமானத்தின்மேல் வைத்திருந்தால் அந்த நொடிகள் தவறிவிடும். காரைப் பார்க்கவேண்டும். விமானம் கிழக்கே தெரியத் தொடங்கும்போது கார் ஓடுபாதை முனைக்கருகே ஒதுங்கி நிற்கும். எஞ்சின் முனகலைத் தவிர விமானத்திடமிருந்து பெரிதாகச் சத்தம் இல்லை, மிதந்தபடி வருகிறது. அது தலையைக் கடந்ததும் கார் சீறிக்கொண்டு உள்ளே நுழையும். டயர் கிறீச்சிடுவது வேலிவரை கேட்கும். முதலில் வெகுவாகப் பின்தங்கி, பிறகு இடைவெளி குறைந்து, வாலுக்குப் பின்னால் சற்று ஓரமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இடைவெளி மாறாமல் நிலைத்துவிட்டது என்று தெரிந்த கணத்தில் நான் பொத்தானை அழுத்தத் தொடங்குகிறேன். விமானம் இன்னும் நான்கைந்து அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து தொடும்வரை கேமரா நிற்காமல் ஓடுகிறது.

நான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் படத்தில் முன்சக்கரத்துக்கும் அதன் நிழலுக்கும் நடுவே ஒரு முழங்கையளவு இடைவெளி. இடது இறக்கையின் பின்விளிம்புத் தட்டு கீழேயும் வலது பக்கத்தது மேலேயும் திரும்பியிருக்கின்றன. அந்தக் கணத்தில் விமானி வலது பக்கச் சாய்வைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று தெரிகிறது. காரின் கண்ணாடிக்குள் ஓட்டுபவரின் கை வாயருகே ரேடியோவைப் பிடித்தபடி இருக்கிறது. அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இவ்வளவு பாடும் தகும் என்று தோன்றியது.

அதன்பிறகு நடப்பதையும் விடாமல் எடுக்கவேண்டும். விமானம் ஊர்ந்து நின்றதும் ஓர் இறக்கை மெல்லச் சாய்ந்து, நுனியில் உள்ள டைட்டானியம் தேய்மானத் தகடு கான்கிரீட்டைத் தொடும். தரைப்பணியாளர்கள் ஓடிவந்து, உயர்ந்து நிற்கும் மறு இறக்கையை உடல் எடையோடு தொங்கிக் கீழே இழுப்பார்கள். விமானம் நிமிர்ந்ததும் இன்னொருவர் போகோவைச் செருகி ஊசியை மாட்டுவார். 18 டன் எடையோடு கிளம்பக்கூடிய ஒரு விமானத்தை நாலைந்து பேர் கையால் சமன்செய்கிறார்கள்.

படத்தைப் படிப்பது

பெரியவர் சொன்ன மூக்கும் முதுகும் இங்கே வருகின்றன. யு-2 தன் கருவிகளை நாளுக்கு நாள் மாற்றிக்கொள்ளும். மூக்கையே கழற்றி வேறொன்றை மாட்டலாம்: ஒன்றில் ராடார், இன்னொன்றில் மின்னணுக் கேமரா. முதுகில் பெரிய புடைப்பு இருந்தால் அது செயற்கைக்கோள் தொடர்புக்கான ஆண்டெனா. கிடைக்கும் தகவலை உலகின் மறுபக்கத்துக்கு அப்போதே அனுப்ப அது தேவை. இறக்கைகளில் நீண்ட கூடுகள் இருந்தால் ரேடியோ, ராடார் சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்கும் கருவிகள் அவற்றுக்குள் இருக்கலாம். ஒரே வால் எண் வேறுவேறு நாளில் வேறுவேறு உருவத்தில் வருவதை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது, எண்ணை மட்டும் சேகரிப்பதில் இல்லாத சுவை கிடைக்கிறது.

வால் எண் மங்கலான கறுப்பின்மேல் சிவப்பில் எழுதப்பட்டிருக்கும். மேகமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. படத்தைக் கச்சாக் கோப்பாக எடுத்து, கணினியில் சிவப்பு ஒளிர்வை மட்டும் தூக்கினால் எழுந்து வரும். ‘பிபி’ என்ற இரண்டு எழுத்துகள் பீல் தளத்தைக் குறிக்கும். எண்ணின் தொடக்கம் 68 அல்லது 80; அந்த விமானம் எந்த நிதியாண்டில் வாங்க ஒப்பந்தமானது என்பதைக் காட்டும். 68இல் தொடங்கும் ஒன்று இறங்கினால், அது அறுபதுகளின் இறுதியில் கட்டிய உடல். உள்ளிருக்கும் எஞ்சின் மட்டும் பிற்காலத்தது: பி-2 குண்டுவீச்சு விமானத்தில் இருக்கும் எஃப்118 எஞ்சினின் உடன்பிறப்பு.

இந்தியாவுக்கும் இந்த விமானத்தோடு ஒரு பழைய உறவு உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு, எல்லையைப் படமெடுக்க யு-2 பறப்புகளுக்கு நேரு இசைந்தார். மறு ஆண்டு குடியரசுத் தலைவராக இருந்த திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன் அமெரிக்கா சென்றபோது, இந்திய மண்ணிலேயே தளம் ஒன்று தருவதாக முடிவாயிற்று. அது ஒடிசாவின் சார்பாத்தியா. அங்கிருந்து முதல் பறப்பு 1964 மே 24 அன்று. மூன்றாம் நாள் நேரு மறைந்தார், பறப்புகள் நின்றுபோயின. அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் சில பறப்புகள் நடந்தன. 2013இல் சிஐஏ தன் வரலாற்று ஆவணத்தை வெளியிட்டபோதுதான் இவை விவரமாகத் தெரியவந்தன.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின்மேல் மிதந்த சீன பலூனை, அதற்கும் மேலே பறந்து படமெடுத்ததும் யு-2தான். விமானி எடுத்த அந்தத் தற்படத்தில் பலூனின்மேல் விமானத்தின் நிழல் விழுந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூலையில் நடக்கும் பன்னாட்டு விமானக் காட்சி வாரத்தில் சுற்றுச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அந்த வாரம் இந்த வேலைக்கு ஆகாது. கிராமப் பாதைகள் ஒரு வண்டி போகும் அகலம்தான். வயல் வாசல்களையும், எதிர்வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடங்களையும் அடைத்து நிறுத்தாதீர்கள். ஊர்க்காரர்களின் பொறுமையால்தான் நாம் அங்கே நிற்க முடிகிறது. காத்திருப்பு நீளும்; வராத நாளில் ஃபேர்ஃபோர்ட் ஊருக்குள் போய் செயின்ட் மேரி தேவாலயத்தின் இடைக்காலத்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பாருங்கள், அத்தனையும் முழுசாக எஞ்சியிருக்கின்றன. நான் அடுத்துச் செய்யவிருப்பது புறப்பாட்டைப் படமெடுப்பது. முன்னூறு மீட்டர் ஓடுவதற்குள் எழும்பிவிடுகிற விமானம் அது. போகோ கழன்று தரையில் துள்ளும் நொடியும், மேலேறும் விமானமும் ஒரே படத்தில் வரவேண்டுமென்றால் லென்ஸைச் சுருக்கி, ஓடுபாதையின் தொடக்கத்துக்கு இன்னும் நெருங்கிய இடம் ஒன்றைத் தேடியாகவேண்டும். மேற்குக் காற்றுக்கு கெம்ப்ஸ்ஃபோர்ட் பக்கம் ஒரு நடைபாதையைப் பார்த்து வைத்திருக்கிறேன்.